வில்லின் மணியும் உரப்பின் அளவும்

தாமிரபரணியோடு சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியில் கோயில்கொண்டிருக்கும் சுடலைமாடனை வழிபடும் குடும்பங்கள் தென்மாவட்டங்கள் எங்கும் உண்டு; சுடலை கோயில்களின் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் இரவு நெடுக நிகழ்வதும், அவற்றைப் படம்பிடித்து யூடியூபில் ஏற்றுவதும், ஊருக்கு வர முடியாத உறவினர்கள் கைப்பேசியில் அவற்றைப் பார்ப்பதும் இன்று வழக்கமாகிவிட்டன. அத்தகைய பதிவைத் தொகுப்பவரின் வேலையில் காட்சிகளைக் கோக்கும் திறம் எல்லோருக்கும் தெரிகிறது. ஒலியின் உரப்பை அளந்து ஒழுங்குசெய்யும் திறம் எவராலும் பாராட்டப்படுவதில்லை. ஆனால் கொடைப் பதிவொன்றைக் கடைசிவரை கேட்க முடியுமா என்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது திறத்தைப் பொறுத்தே அமைகிறது.

வில்லுப்பாட்டின் ஒலி அமைப்பே அதற்குக் காரணம். புலவர் வீசுகோலால் வில்லின் நாணை அடிக்கும்போது வில்லில் கட்டிய மணிகள் கூர்மையாகச் சிலிர்த்து அடங்குகின்றன. குடத்தின் வாயில் பத்தி என்னும் அடிப்பான் படும்போது ஆழ்ந்த முழக்கம் எழுகிறது. உடுக்கும் தாளமும் கட்டையும் அவற்றுக்கு இடையே ஓடுகின்றன. கைலாயத்தில் பார்வதியின் விளக்குச் சுடரிலிருந்து சுடலை பிறந்த கதையைப் புலவர் ஏறத்தாழப் பேச்சுக் குரலில் சொல்லிச் செல்வார். சாமியாடிக்கு அருள் வரும் வேளையில் அதே குழு வேகத்தையும் குரலையும் உச்சத்துக்குக் கொண்டுபோகும். கணியான் கூத்திலும் தலைமைப் பாடகரான அண்ணாவியின் தனிக்குரலுக்கும் உச்சம், மந்தம் எனச் சுருதி பிரித்து ஒலிக்கும் இரண்டு மகுடப் பறைகளின் முழக்கத்துக்கும் இடையே பெருந்தொலைவு உண்டு. இந்த ஏற்ற இறக்கம்தான் கலை. அதைத் தட்டி நிரவிவிட்ட பதிவில் கதை மிஞ்சும், கொடை மிஞ்சாது.

தொகுப்பு மென்பொருளில் பச்சையும் மஞ்சளும் சிவப்புமாக ஏறி இறங்கும் சாதாரண மீட்டர் காட்டுவது பீக் எனப்படும் உச்ச அளவை, அதாவது ஒலி அலை கணப்பொழுதில் எட்டிய உயரத்தை மட்டுமே. டிஜிட்டல் ஒலியில் சுழியம் என்பது கூரை; அதற்கு மேல் அலைக்கு இடமில்லை என்பதால் எல்லா அளவுகளும் கழித்தல் குறியோடு எழுதப்படுகின்றன. வில்லின் மணி இந்தக் கூரையை ஒரு நொடியின் மிகச் சிறு பகுதிக்குள் தொட்டுவிடும், ஆனால் காதுக்கு அது பெரிய சத்தமாகப் படாது. புலவரின் குரலோ கூரைக்கு வெகு கீழே நின்றாலும் தொடர்ந்து ஒலிப்பதால் உரக்கக் கேட்கும். ஆகவே உச்ச அளவை வைத்துச் சமன்செய்தால், மணி அதிகம் ஒலித்த பாட்டில் குரல் அமுங்கியும், மணியற்ற வசனப் பகுதியில் குரல் ஓங்கியும் வந்து, கேட்பவர் கை ஒலி பொத்தானை விட்டு அகலாது.

காது எல்லாச் சுருதிகளையும் ஒரே அளவில் கேட்பதில்லை என்பதை ஆய்வாளர்களான ஃபிளெட்சரும் மன்சனும் 1933இல் அளந்து காட்டியிருந்தனர். அந்த அறிவை ஒலிபரப்புக்கான ஒரு பொது அளவுகோலாக்க 2006 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வாண்டில் சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் பி.எஸ். 1770 என்னும் பரிந்துரையை வெளியிட்டது. அதன்படி ஒலி முதலில் 'கே' எடையிடல் என்னும் வடிப்பானைக் கடக்கிறது: மிகத் தாழ்ந்த அதிர்வுகள் குறைக்கப்படுகின்றன, ஏறத்தாழ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்டவை சுமார் 4 டெசிபெல் உயர்த்தப்படுகின்றன. பிறகு அதன் சராசரி ஆற்றல் கணக்கிடப்பட்டு, எல்.யு.எஃப்.எஸ். என்னும் அலகில், கூரையிலிருந்து எவ்வளவு கீழே என்ற முறையில் உரப்பு சொல்லப்படுகிறது, எல்.யு. என்பது உரப்பில் ஒரு டெசிபெல் வேறுபாடு.

தொகுப்பு மென்பொருள்களான டாவின்சி ரிசால்வின் ஃபேர்லைட் பக்கத்திலோ பிரீமியர் புரோவிலோ உரப்பு மீட்டரைத் திறப்பவர் காண்பது ஒரே ஒலியைப் பார்க்கும் மூன்று காலச் சாளரங்களை. கணநேர அளவு கடந்த 400 மில்லி நொடியைப் பார்க்கிறது. குறுங்கால அளவு கடந்த 3 நொடியைப் பார்க்கிறது. முழுமை அளவு தொடக்கம் முதல் முடிவு வரை நிகழ்ச்சி அனைத்தையும் ஒரே எண்ணாகச் சுருக்குகிறது. முழுமை அளவில் அழகான ஒரு வாயில்முறை உண்டு: நிகழ்ச்சி 400 மில்லி நொடித் துண்டுகளாகப் பகுக்கப்பட்டு, கழித்தல் 70க்குக் கீழான துண்டுகள் முதலில் நீக்கப்படுகின்றன, மிஞ்சியவற்றின் சராசரிக்கு 10 எல்.யு.வுக்கும் கீழே கிடப்பவை அடுத்து நீக்கப்படுகின்றன; எஞ்சியவையே கணக்கில் சேர்கின்றன. பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையே ஜெனரேட்டரின் இரைச்சல் மட்டும் தொலைவில் கேட்கும் இடைவெளிகள் இதனால் எண்ணைக் கீழே இழுப்பதில்லை. அமைதிக்காகக் கலைஞரைத் தண்டிக்காத கணக்கு இது. இந்த முறையின் மிக நுண்ணிய ரசனை இங்கேதான் இருக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது.

ஒரு நிகழ்ச்சியின் முழுமை அளவு எட்ட வேண்டிய இலக்குகள் பலவாறு வகுக்கப்பட்டுள்ளன. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியம் 2010இல் ஆர் 128 பரிந்துரையின்வழி கழித்தல் 23ஐ வைத்தது. அமெரிக்கத் தொலைக்காட்சி கழித்தல் 24ஐக் கொண்டது. இந்தியாவில் 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகள் விளம்பரம் அளவுமீறி உரக்க ஒலிக்கக் கூடாது என்கின்றன. யூடியூப் ஏறத்தாழ கழித்தல் 14க்கு மேற்பட்டதைக் கேட்பவரிடம் சேர்க்கும்போது தணித்துவிடுகிறது. அதற்குக் கீழானதைப் பொதுவாக உயர்த்துவதில்லை.

இந்தக் கடைசிச் செய்தியிலிருந்துதான் தொகுப்பவரின் தீர்ப்பு தொடங்குகிறது. ஒரு வில்லுப்பாட்டுப் பதிவின் முழுமை அளவு கழித்தல் 20, உச்சம் கழித்தல் 1 என்று வைத்துக்கொண்டால், அதைக் கழித்தல் 14க்குக் கொண்டுவர 6 டெசிபெல் ஏற்ற வேண்டும். ஏற்றினால் மணியின் உச்சங்கள் கூரைக்கு மேல் 5 டெசிபெல் போகும். அவற்றை மீண்டும் கழித்தல் 1க்குள் அடக்க லிமிட்டர் என்னும் கருவி ஒவ்வொரு மணியடியின் முனையிலும் 6 டெசிபெல்வரை மழுக்கும். மீட்டர் இலக்கை எட்டியதாகக் காட்டும். வீசுகோல் நாணில் பட்ட அடி மட்டும் மொத்தையாகிவிடும். தேர்ந்த தொகுப்பவர் இந்தப் பேரத்துக்கு உடன்படுவதில்லை. அவர் வசனப் பகுதிகளில் புலவரின் குரலைக் கையால் 2 அல்லது 3 டெசிபெல் உயர்த்தி, குறுங்கால அளவைப் பார்த்தபடி பாட்டோடு இணைத்து, மணிகளுக்கு லிமிட்டரை லேசாக மட்டும் தொடவிட்டு, முழுமை அளவு கழித்தல் 17இல் நின்றால் அதையே ஏற்றுக்கொள்கிறார். கேட்பவர் ஒலியை ஒருமுறை கூட்டிக்கொள்வார். பிறகு நிகழ்ச்சி முடியும்வரை அதைத் தொட வேண்டியிராது. உரக்கக் கத்தும் பதிவுக்கு யூடியூபில் இனிப் பயன் இல்லை, ஏனெனில் தளம் அதைத் தணித்துவிடும். தணித்த பின் எஞ்சுவது மழுங்கிய முனைகள் மட்டுமே.

டிஜிட்டல் ஒலியைப் பதிவுசெய்யும் மாதிரி எண்களுக்கு இடையிலும் அலை கூரையைத் தாண்டக்கூடும் என்பதால், அந்த இடைவெளியையும் கணித்து நோக்கும் உண்மை உச்ச அளவே இவ்வேலையில் நம்பத்தக்கது. உரப்பு வீச்சு என்னும் இன்னோர் எண், குறுங்கால அளவுகளின் பரவலை எடுத்து, மென்மையான பகுதிகளுக்கும் வலிய பகுதிகளுக்கும் உள்ள தொலைவைக் காட்டுகிறது. பேச்சு மட்டுமுள்ள செய்தியறிக்கையில் இது சிறிதாகவும் கொடைப் பதிவில் பெரிதாகவும் வருவது இயல்பே, எனவே அதைக் குறைப்பதே நோக்கம் ஆகிவிடக் கூடாது.

மீட்டர் அறியாதவையும் உண்டு. குடத்தின் முழக்கத்தில் மிகத் தாழ்ந்த பகுதியை 'கே' எடையிடல் குறைத்தே எண்ணுகிறது, கைப்பேசியின் சிறு ஒலிபெருக்கியோ அதை ஏறக்குறைய வெளியிடுவதே இல்லை. ஆனால் அதே பகுதி உச்ச அளவில் இடத்தை அடைத்துக்கொண்டு, குரலை ஏற்ற வழியில்லாமல் செய்கிறது. எனவே நல்ல தொகுப்பவர் குடத்தின் தாழ்சுருதியைச் சற்றுக் குறைத்து, பத்தி மண்ணில் படும் அந்த நடுச்சுருதி அறைவைச் சற்றுத் தூக்கி, இடம் வலம் இரண்டையும் ஒன்றாக்கி ஒரே கைப்பேசியில் ஒருமுறையும், ஹெட்போனில் மறுமுறையும் கேட்டுப் பார்த்த பிறகே கோப்பை வெளியிடுகிறார்.