யன்னற் கடதாசிகளும் கொள்ளைநோய் இலக்கியமும்

கொள்ளைநோய்க் காலத்து இலக்கியம் எது என்ற வினாவை 2020ஆம் ஆண்டிலே விமர்சகர் பலர் எழுப்பினர். விடையும் அவர்களிடம் ஆயத்தமாகவே இருந்தது. பொக்காச்சியோவின் 'டெக்கமரன்', அல்பேர் கமு 1947இல் வெளியிட்ட 'கொள்ளைநோய்' ஆகிய நூல்களைத் தூசி தட்டி எடுத்து, தனிமையிலேதான் மனிதன் தன்னைக் காண்கிறான் என்று எழுதினர். 1665இல் கேம்பிறிட்ஜ் பல்கலைக்கழகம் மூடப்பட்டபோது ஊர் திரும்பிய நியூற்றன், ஒளியையும் ஈர்ப்பையும் ஆராய்ந்த கதை மாணவருக்கு உபதேசமாக வழங்கப்பட்டது. அந்த ஊரிலே அவருடைய தாயாருக்குப் பண்ணைவீடு இருந்தது என்பதையும், அங்கு அடுப்பெரித்தவர் யார் என்பதையும் உபதேசித்தோர் கூறினாரல்லர்.

நாம் ஈண்டு நோக்க விழைவது வேறோர் எழுத்தை. அதற்கு நூலுருவம் இல்லை. அது யன்னற் கண்ணாடியில் ஒட்டப்பட்ட கடதாசி.

2020ஆம் ஆண்டு செப்டெம்பர் மாத இறுதியில், இங்கிலாந்தின் மான்செஸ்ரர் மெற்றோபொலிற்றன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த 127 மாணவருக்குத் தொற்று உறுதியாயிற்று. விடுதிகளில் இருந்த ஏறத்தாழ 1,700 மாணவர் பதினான்கு நாட்கள் உள்ளேயே இருக்குமாறு பணிக்கப்பட்டனர். வாயிலிலே காவலாளர் நின்றனர். எந்தச் சட்டத்தின்படி இத்தடுப்பு என்று வழக்கறிஞர்கள் வினவினர். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகள். பலர் வீட்டைவிட்டு வந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவர்கள் யன்னல்களில் எழுதத் தொடங்கினர். சிலர் மது கேட்டனர். அதனை நாம் மறைக்க வேண்டியதில்லை; இளமையின் குறும்பும் அதிலே உண்டு. ஆனால் ஒரு யன்னலில், பிரித்தானியச் சிறைச்சாலைகளின் பெயருக்கு முன்னே அரசமுறைப்படி இடப்படும் மூன்று எழுத்துக்களை ஒருவர் தம் பல்கலைக்கழகத்தின் மூன்று எழுத்துக்களோடு சேர்த்து ஒட்டினார். ஆறே எழுத்து. விடுதி சிறையாயிற்று. மற்றொரு யன்னல், ஒன்பதாயிரம் எதற்காக என்று கேட்டது.

இவை கோஷங்கள், இலக்கியமல்ல என்பார் உளர். பிரசாரமா கலையா என்ற அந்தப் பழைய வழக்கை நம்மவர் எத்தனையோ தடவை விசாரித்தாயிற்று. நாம் கேட்பது ஒன்றே: சொல்லுக்கும் நிலைமைக்கும் உள்ள உறவு எங்கே நெருக்கமாக இருக்கிறது?

ஒன்பதாயிரம் என்ற எண்ணைக் கவனிப்போம். 1998இல் இங்கிலாந்து மாணவர்மீது ஆண்டுக்கு 1,000 பவுண் கட்டணம் விதிக்கப்பட்டது. 2012இல் அதன் உச்சவரம்பு 9,000 ஆயிற்று. பின்னர் 9,250 ஆயிற்று. பல்கலைக்கழகத்தின் சீவியம் மாணவரின் கட்டணத்திலும் விடுதி வாடகையிலும் தங்கியதாயிற்று. இவ்வாறு அடித்தளம் மாறியபின், நோய்க் காலத்திலே மாணவரை வராதே என்று கூறும் துணிவு நிருவாகிகளுக்கு எங்கிருந்து வரும்? பெருந்தொகையான மாணவரை ஒரே வேளையில் விடுதிகளுக்கு அழைப்பது ஆபத்து என்று விரிவுரையாளர் சங்கம் ஓகஸ்ற் மாத இறுதியிலேயே எச்சரித்திருந்தது. அத்தியாவசியமானவை தவிர்ந்த கற்பித்தலை இணையவழிக்கு மாற்றுமாறு அரசின் விஞ்ஞான ஆலோசகர்கள் செப்டெம்பர் 21இல் அறிவுறுத்தினர். அழைப்போ முன்னரே விடுக்கப்பட்டாயிற்று. வந்தவர்களிற் பலர் விடுதி அறையிலிருந்து கணினித் திரையிலே விரிவுரை கேட்டனர். வாடகை கொடுத்து வாங்கிய அடைப்பு அது. அந்த யன்னலின் வினா இவ்வளவு வரலாற்றையும் தன்னுள் அடக்கியிருக்கிறது.

இனிக் கமுவுக்கு வருவோம். அவருடைய நாவலிலே மிக வலிமையான பகுதி, ஒரான் நகரத்து வைத்தியர்கள் கூடி, வந்திருக்கும் நோய்க்குக் கொள்ளைநோய் என்று பெயர் சூட்டலாமா என்று தயங்கும் காட்சியாகும். அதிகாரம் சொல்லுக்கு அஞ்சுகிறது, பிணங்கள் பெருகுகின்றன. இதனை எழுதியமைக்காகக் கமுவுக்கு நாம் கடமைப்பட்டுள்ளோம். எனினும், றம்பேர் என்ற பத்திரிகையாளன் ஒரானுக்கு வருவது அங்குள்ள அராபியரின் வாழ்க்கை நிலையை ஆராய்வதற்காக. நகரவாயில் மூடப்பட்டபின் அந்த ஆராய்ச்சி என்னவாயிற்று? நாவல் அதனை மறந்துவிடுகிறது. அராபியர் பெரும்பான்மையாக வாழும் நாட்டிலே, கொள்ளைநோய்க்கு ஆளாவோரும் அதனோடு போராடுவோரும் பெரும்பாலும் ஐரோப்பியரே. நோய் எல்லாரையும் சமமாக்கும் என்ற மயக்கம் இங்கிருந்தே பிறக்கிறது. இந்த வகையிற் பொக்காச்சியோ நேர்மையானவர் என்றே கூறவேண்டும்: 1348இல் புளோரன்ஸ் நகரைவிட்டு மாளிகைக்குப் போகும் பத்துப் பேரோடு வேலைக்காரரும் போகிறார்கள், ஆறாம் நாளிலே லிசிஸ்கா என்ற பணிப்பெண் உரத்த குரலிற் சண்டையிட்டுக் கதைசொல்லிகளின் அமைதியைக் கலைத்தும் விடுகிறாள்.

பெயரிடும் அச்சம் கமுவின் ஒரானோடு முடிந்துவிடவில்லை. 2020 நவம்பர் 5ஆம் திகதி, இரண்டாவது பொதுமுடக்கம் தொடங்கிய அன்று, அதே நகரிலுள்ள மான்செஸ்ரர் பல்கலைக்கழகம் தன் ஃபலோஃபீல்ட் விடுதி வளாகத்தில் உலோக வேலி அமைத்தது. மாணவருக்கு முன்னறிவித்தல் இல்லை. விளக்கம் கேட்டபோது, பாதுகாப்பு என்றும், வெளியார் உட்புகுவதைத் தடுத்தல் என்றும் கூறப்பட்டது. வேலி என்ற பொருள் கண்முன்னே நிற்க, பாதுகாப்பு என்ற சொல் அதன்மீது போர்த்தப்பட்டது. நோயைத் தடுப்பதற்குக் கட்டுப்பாடு வேண்டும் என்பதை நாம் மறுக்கவில்லை. தொற்று மெய், மரணமும் மெய். கட்டுப்படுத்தப்படுவோரைக் கலந்து பேசாத கட்டுப்பாட்டையே நாம் மறுக்கிறோம். பல்கலைக்கழகம் என்பது காரணங்களை எடுத்துரைத்து உடன்பாடு தேடும் இடம் என்றுதான் எமக்குக் கற்பிக்கப்பட்டது. நாமும் வகுப்பறையில் அதனையே மாணவருக்குக் கூறி வருகிறோம்.

அன்றிரவு நூற்றுக்கணக்கான மாணவர் திரண்டு வேலியைப் பிடுங்கிச் சாய்த்தனர். உபவேந்தர் மன்னிப்புக் கேட்டார். ஒரு வாரத்தின் பின் சில மாணவர், வெறுமையாகக் கிடந்த ஓவன்ஸ் பார்க் கோபுரத்தினுள் புகுந்து அமர்ந்தனர். வாடகை மறுப்பும் நடந்தது. அம்மாத இறுதிக்குள் முதற்பருவ வாடகையிலே நூற்றுக்கு முப்பது வீதத்தைக் குறைக்கப் பல்கலைக்கழகம் உடன்பட்டது.

மெற்றோபொலிற்றன் விடுதி யன்னல்களிலிருந்த கடதாசிகளை அகற்றுமாறு மாணவர் கேட்கப்பட்டதாகவும் அந்நாட்களிலே செய்தி வந்தது. வாசகத்தின் வலிமையை விமர்சகருக்கு முன்னதாக விடுதிப் பொறுப்பாளர் உணர்ந்திருந்தனர் போலும்.