பிரமிளும் புலப்பெயர்வும்: சர்ரியலிசக் கலைஞரோடு ஓர் ஒப்பீடு

இரண்டாம் உலகப்போரையொட்டிச் சர்ரியலிசக் கலைஞர் பலர் பிரான்சிலிருந்து அமெரிக்காவிற்குப் புலம்பெயர்ந்தனர். 1941இல் நியூயார்க் சென்ற கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன், ஆங்கிலத்தைக் கைக்கொள்ளாது, பிரெஞ்சு வானொலி அறிவிப்பாளராகப் பணியாற்றி 1946இல் தாயகம் திரும்பினார். ஓவியர் ஈவ் தாங்கியோ 1948இல் அமெரிக்கக் குடியுரிமை பெற்று 1955இல் அங்கேயே மறைந்தார். கவிஞனுக்கு மொழி தடை, ஓவியனுக்கு அத்தடை இல்லை என இதனை விளக்குவர். ஆயின் ஓவியர் ஆந்த்ரே மாசோனும் 1945இல் திரும்பிவிட்டார். எனவே மொழி ஒன்றே புலப்பெயர்வை அளக்கும் கோலாகாது.

இக்கருத்திற்குத் தமிழில் அமைந்த சான்று பிரமிள். 1939இல் திருகோணமலையில் பிறந்த இவர், சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழ்வழி அறிமுகமானார். 1970களின் தொடக்கத்தில் தமிழகம் வந்து, 1997இல் வேலூரை அடுத்த கரடிக்குடியில் மறைந்தார். தாய்மொழி வழங்கும் நிலத்திற்கே வந்தமையால் இவரது பெயர்வு பெயர்வாகவே கருதப்படவில்லை. புதுக்கவிதை வரலாறு இவரை 'எழுத்து' கவிஞராகப் பதிவு செய்கிறது. புலம்பெயர் இலக்கிய வரலாறோ பெரும்பாலும் 1983 இனக்கலவரத்திலிருந்தே தொடங்குகிறது. இருவகை வரலாற்றிலும் பிரமிளின் இடப்பெயர்வு விடுபட்டுப் போகிறது.

பிரமிளைச் சர்ரியலிசக் கவிஞர் என்பதும் முற்றும் பொருந்தாது. சர்ரியலிசத்தார் அறிவின் கட்டுப்பாட்டைத் தளர்த்தித் தன்னியல்பு எழுத்தை நாடினர். பிரமிளின் படிமமோ சொற்செட்டில் இறுகுவது. 'காவியம்' என்னும் சிறு கவிதையில், பறவையை நீங்கிய இறகே அப்பறவையின் வாழ்வைச் சொல்லும் கருவியாகிறது. இதனைக் கவிஞரின் வாழ்க்கைக் குறிப்பாகக் கொள்வது பிழையாகும். எனினும் பிரிவை இழப்பாகக் கண்டு புலம்பாது, எழுத்தின் தொடக்கமாகக் காணும் நோக்கு இங்குக் கருதத்தக்கது. ஈழச் சிக்கலை ஆராயும் 'ஸ்ரீலங்காவின் தேசியத் தற்கொலை' என்னும் அவரது நூல், நீங்கிவந்த நிலம் அவர் சிந்தனையை நீங்கவில்லை என்பதைக் காட்டும்.

ஒரே மொழி வழங்கும் நிலங்கள் யாவும் ஒரே தாயகம் ஆகிவிடுவதில்லை. 1956 மொழிவழி மாநில அமைப்பில் கேரளத்தின் பகுதியான தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் வட்டங்களில் வாழும் தமிழர் இதனை நன்கறிவர். மொழியெல்லையும் அரசெல்லையும் ஒன்றாகாத இந்நிலையை உளங்கொண்டு நோக்கின், பிரமிளை 'எழுத்து' மரபினராக மட்டுமன்றிப் புலம்பெயர் கவிதையின் முன்னோடியாகவும் மதிப்பிடுதல் வேண்டும்.