வாச்சாத்தியும் குவாங்ஜுவும்: ஆட்சிமுறை ஒப்பீட்டின் அளவுகோல் குறித்து

மக்களாட்சியையும் அஃதல்லாத ஆட்சிகளையும் ஒப்பிடும் ஆய்வுகளில் தேர்தலே பெரும்பாலும் முதல் அளவுகோலாகிறது. ஆளுங்கட்சி தேர்தலில் தோற்று விலகக்கூடிய ஏற்பாடே மக்களாட்சி என்பது ஆடம் ஷெவோர்ஸ்கியின் நிலைப்பாடு. அவ்வரையறை தெளிவானது, ஆயினும் தீர்த்தமலை அமைந்துள்ள அரூர் வட்டத்தின் அண்மைக்கால வரலாற்றுக்கு அது போதவில்லை.

1992 ஜூன் 20 அன்று, சந்தனமரக் கடத்தலைத் தடுப்பதாகக் கூறி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வட்டத்துப் பழங்குடிச் சிற்றூரான வாச்சாத்திக்குள் புகுந்தனர். ஊரார் தாக்கப்பட்டனர்; வீடுகள் சூறையாடப்பட்டன; 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளாயினர். சிறைக்கு அனுப்பப்பட்டவர்களோ ஊராரே. மாநிலத்தை அப்போது ஆண்டது, ஓராண்டுக்கு முன் மக்கள் வாக்களித்துத் தேர்ந்த அரசு. தேர்தலை மட்டும் அளவாகக் கொண்டால் இந்நிகழ்வை விதிவிலக்கு என ஒதுக்க நேரும். அது ஆய்வாகாது.

நீதி கிடைக்கும் விரைவை அளவாகக் கொண்டாலும் விடை எளிதன்று. தென்கொரியாவின் குவாங்ஜு நகரில் 1980 மே மாதம் எழுந்த கிளர்ச்சியை இராணுவம் குருதி சிந்தி அடக்கியது. அதன் தொடர்பில் சுன் டூ ஹுவான் தண்டிக்கப்பட்டது 1996இல், அதாவது 16 ஆண்டுகள் கழித்து. வாச்சாத்தி வழக்கில் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011 செப்டம்பர் 29 அன்று. இடையில் 19 ஆண்டுகள். குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேரில் 54 பேர் அதற்குள் இறந்துவிட்டனர். இராணுவ ஆட்சியின் குற்றமே முன்னதாகத் தீர்ப்பைக் கண்டது.

எனில் வேறுபாடு எங்குள்ளது? குவாங்ஜு குறித்த வழக்குத் தொடங்க, முதலில் ஆட்சிமுறையே மாற வேண்டியிருந்தது. 1987ஆம் ஆண்டின் மக்கள் எழுச்சிக்கும் நேரடித் தேர்தலுக்கும் பின்னரே அது இயன்றது. வாச்சாத்தியில் அவ்வாறன்று. பழங்குடி மக்கள் சங்கமும் இடதுசாரி இயக்கமும் விடாது போராடின. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆணையத்தின் அறிக்கை 1992லேயே வெளிவந்தது. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் வழக்கை மத்தியப் புலனாய்வுத் துறையிடம் ஒப்படைத்தபோது, நிகழ்வின்போது ஆண்ட அதே அரசே பதவியில் இருந்தது. ஆளும் அரசை, அது ஆளும்போதே, எளியோர் வழக்கில் நிறுத்த இயல்வதே உரிய அளவுகோல்.

இவ்வாயில் அரசமைப்பு இருப்பதாலேயே திறந்திருக்கும் என்பதும் பிழை. நெருக்கடிநிலையின்போது, காவலில் வைக்கப்பட்டோர் ஆட்கொணர்வு மனுவுடன் நீதிமன்றத்தை நாட இயலாதென உச்சநீதிமன்றமே 1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பளித்தது. அரசமைப்பு அப்போதும் நடைமுறையில் இருந்தது.

2023இல் உயர்நீதிமன்றம் வாச்சாத்தித் தண்டனைகளை உறுதிசெய்து, பாதிக்கப்பட்ட பெண்கள் ஒவ்வொருவருக்கும் 10 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. 1992இல் பொறுப்பிலிருந்த மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர்மீது நடவடிக்கை எடுக்குமாறு அரசுக்கு உத்தரவிட்டதும் அத்தீர்ப்பிலேயே, 31 ஆண்டுகளுக்குப் பின்.