பசை ஊற்றாத பலகை

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு சின்னப் பட்டறையில் தேங்காய் மட்டையில் செய்த ஒரு பலகையைக் கையில் வாங்கினேன். நல்ல கனம். விரல் முட்டியால் தட்டினால் ‘டக்’கென்று சுத்தமான சத்தம். “அண்ணா, இதுக்குப் பசை எப்பக் கலப்பீங்க?” என்று கேட்டேன். “தனியா எதுவும் ஊத்துறதில்லீங்க. எல்லாம் மட்டைக்குள்ளயே இருக்குதுங்க” என்றார் அழுத்தப் பொறியில் நின்றவர். எனக்குச் சிலிர்த்துவிட்டது!

மட்டைக்குள் இருக்கும் அந்தப் பசையின் பெயர் லிக்னின். மரம் செடிகளுக்கு விறைப்பு தருவது அதுதான். தேங்காய் நாரின் எடையில் 40 சதவீதத்துக்கும் மேல் லிக்னின். சணலில் இதில் பாதிகூடக் கிடையாது. சுமார் 140 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அது இளகி நார்களுக்கிடையே ஓடுகிறது. மேலும் சூடேறினால் இறுகிவிடுகிறது.

அதைக் கண்ணால் பார்க்க வேண்டும். மட்டையை நாரும் தூளுமாக அரைத்து, காயவைத்து, இரும்புத் தகட்டில் மெத்தென்று பரப்புகிறார்கள். சூடான அழுத்தப் பொறி 180 டிகிரியில் இறங்குகிறது. ஈரம் கொஞ்சம் கூடினாலும் உள்ளே சிக்கிய நீராவி பலகையை உப்ப வைத்துவிடுமாம். அதனால் பொறியில் நிற்பவர் அழுத்தத்தை ஒரேயடியாக விடாமல் மெல்ல மெல்லத் தளர்த்துகிறார். தகடு விலகியதும் வெல்லம் கருகிய மணம். கருஞ்சிவப்பும் பழுப்புமான பளபளப்பில் நார்கள் ஒவ்வொன்றாகத் தெரிகின்றன. என்ன அழகு!

என்னை முழுசாக மயக்கியது அந்தத் தூள்தான். மட்டையில் பெரும்பங்கு அதுதானே. லிக்னின் மிகுதியால் சீக்கிரம் மக்காமல் நார் ஆலைகளின் ஓரம் மலையாகக் குவிந்து கிடக்கும். ஏற்றுமதியாவது போக மிஞ்சுவது அத்தனையும் தொல்லை. மக்கவிடாத அதே குணம்தான் இங்கே பலகையைப் பிடித்து நிறுத்துகிறது!

கழிவு நாரில் பலகை செய்வது புதிதல்ல. கிழக்கு ஜெர்மனியின் டிராபண்ட் காருக்குப் பஞ்சுக் கழிவும் பீனால் பிசினும் சேர்த்துத்தான் வெளியுடல் பலகைகள் செய்தார்கள். 1957 முதல் 1991 வரை சுமார் 30 லட்சம் கார்கள். பழசான பிறகு அந்தப் பிசினை உருக்கவும் முடியவில்லை, மக்கவைக்கவும் முடியவில்லை. நம் வீட்டு மரத்தூள் பலகைகளிலோ பெரும்பாலும் ஃபார்மால்டிஹைடு பசை. அது புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் உறுதிப்படுத்தியது. அதே ஆண்டுதான் நெதர்லாந்தின் வாகனிங்கன் ஆய்வாளர் யான் வான் டாமின் குழு, முழு மட்டையிலிருந்து பசையில்லாப் பலகை செய்யும் முறையை ஆய்விதழில் வெளியிட்டது.

வெட்டிப் பார்த்தேன், ஓரம் உதிரவில்லை. திருகாணி கச்சிதமாக இறங்கியது. மழையில் போட மாட்டேன்; வீட்டுக்குள் இதைவிட நல்ல பலகை எனக்கு வேண்டாம். இன்னும் சோதனை அளவில்தான் செய்கிறார்கள். விற்பனைக்கு வருகிற அன்று முதல் ஆளாகப் போய் நிற்பேன். புத்தக அலமாரிக்கு அளவெடுத்து வைத்தாயிற்று.