படுக்கையும் பெட்டியும்: பயணக் கட்டுரைகளில் ஒரு குறை

பயணக் கட்டுரை படிப்பதற்கு இனியது. எழுதுவதற்கும் எளியது என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணமே இத்துறைக்குக் கேடாய் முடிந்தது. விமானம் ஏறியது, அயல்மண்ணை மிதித்தது, கண்ட கட்டடங்களின் உயரம், எடுத்துக்கொண்ட நிழற்படங்கள் ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. இறுதியில் பிறந்த மண்ணின் பெருமையை நினைந்து ஒரு பெருமூச்சு, கட்டுரை முடிந்துவிடுகிறது. இரவில் எங்கே படுத்தார்கள்? பெட்டியை யார் தூக்கினார்கள்? இவ்விரு வினாக்களுக்கு மட்டும் விடை கிடைப்பதில்லை.

இவை அற்ப வினாக்கள் என்று ஒதுக்கத் தோன்றும். ஆயினும் ஒரு பயண நூலின் நேர்மையை அளந்தறிய இவற்றினும் சிறந்த அளவுகோல் இல்லை. தங்குமிடத்தைச் சொல்பவர் செலவைச் சொல்லியாக வேண்டும். சுமையைச் சொல்பவர் தம் உடல் வலிமையையும் உடன் வந்தோர் உழைப்பையும் சொல்லியாக வேண்டும். இவற்றை மறைக்கும் எழுத்தில் பயணி மட்டுமே தெரிவார், பயணம் தெரியாது.

தமிழுக்கு இக்குறை தொன்றுதொட்டு வந்ததன்று. பத்துப்பாட்டில் சரிபாதி ஆற்றுப்படை நூல்கள். பரிசில் பெற்று மீள்பவன், பெறப் போகின்றவனை எதிர்ப்பட்டு வழி கூறுவதே ஆற்றுப்படையின் இலக்கணம். பெருங்குன்றூர்ப் பெருங்கௌசிகனார் பாடிய மலைபடுகடாம், சுமையோடுதான் தொடங்குகிறது. முழவும் ஆகுளியும் குழலும் தூம்பும் பைகளில் இட்டுக் கட்டப்பெற்று, இருபுறமும் நிறை ஒத்திருக்கத் தொங்குகின்றன. அத்தோற்றத்திற்குப் பலா மரத்தில் கொத்தாய்த் தொங்கும் காய்களைப் புலவர் உவமையாக்குகிறார். சுமையைச் சமமாகப் பிரித்தால்தான் மலை ஏறலாம் என்ற நடைமுறை அறிவும், பலாமரத்தைக் கண்ட கவிஞனின் களிப்பும் அங்கே ஒன்றாகி நிற்கின்றன.

அதன்பின் வழி விரிகிறது. காட்டுப் பன்றிக்காகக் குறவர் வைத்த பொறிகள் வழியில் உண்டு. ஆதலின் இருள் நீங்கிய பின்னரே செல்க. தினைப்புனம் காப்போர் எறியும் கவண்கல் வந்து விழும். மரங்களின் மறைவில் ஒதுங்கிச் செல்க. பாசி படர்ந்த இடம் வழுக்கும், கொடியைப் பற்றிக்கொள்க. பொழுது சாய்ந்தால் மலைக்குகையில், சொந்த வீட்டில் புகுவதுபோலப் புகுந்து தங்குக. இவ்வாறு தங்குமிடமும் இடையூறும் நேரமும் கூறப்படுகின்றன. நன்னனின் புகழ் இதனால் குறைந்துவிடவில்லை; அவனை நோக்கிச் செல்லும் வழி மெய்யாக இருப்பதால் அவனும் மெய்யாகிறான்.

பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார், எந்தக் குடியில் எந்த உணவு கிடைக்கும் என்பதை நிலந்தோறும் வரிசைப்படுத்துகிறார். எயினர் குடியிருப்பில் புல்லரிசிச் சோறு. ஆயர் குடியில் தினைச்சோறும் பாலும். உழவர் ஊரில் நெற்சோறு. அதே நூலில் உமணரின் உப்பு வண்டி வருகிறது. குழந்தையை உடைய பெண் ஒருத்தி எருதுகளை ஓட்டுகிறாள். அவ்வுமணர் மேட்டுநிலத்தில் அச்சு முறியலாம் என்று அஞ்சி, வண்டியின் அடியில் சேம அச்சு ஒன்றைக் கட்டி வைப்பர் என்பதைப் புறநானூற்றின் 102ஆம் பாடலில் ஔவையார் உவமையாகக் கையாள்கிறார். இன்று மகிழுந்தின் பின்புறத்தில் மாற்றுச் சக்கரம் வைப்பவர் அந்த உமணரின் வழிவந்தவரே.

பிற்காலத்து உரைநடையிலும் நல்ல முன்மாதிரிகள் இல்லாமற் போகவில்லை. சென்னை உச்ச நீதிமன்றத்தில் பணியாற்றிய ஏனுகுல வீராசாமி, 1830ஆம் ஆண்டு மே மாதத்தில் பெரும் பரிவாரத்தோடு புறப்பட்டுக் காசிக்குச் சென்று, 1831 செப்டம்பரில் மீண்டார். அவர் தெலுங்கில் எழுதிய காசியாத்திரைக் குறிப்புகள் ஊர் ஊராய்த் தங்கியதைக் கூறுகின்றன. எந்த ஊரில் சத்திரம் உண்டு, எங்கே பண்டங்கள் கிடைக்கும், எந்தப் பாதை கெட்டது என்பன அவற்றில் இடம்பெறுகின்றன. பின்னால் வருவோர்க்குப் பயன்பட வேண்டும் என்னும் பொறுப்பு அந்நூலின் உயிர்.

தமிழில் ஏ. கே. செட்டியார் அப்பொறுப்பை உணர்ந்தவர். காந்தியடிகளைப் பற்றிய ஆவணப்படத்திற்காகப் பல நாடுகளிலும் அலைந்து படச்சுருள்களைத் திரட்டினார். படம் 1940இல் வெளிவந்தது. 'உலகம் சுற்றும் தமிழன்' என்று அவர் அழைக்கப்பெற்றார். எனினும் அவருடைய நடையில் தற்பெருமை தலைகாட்டுவதில்லை. சிறு சிறு வாக்கியங்களில் எளிய மனிதர்களையும் அன்றாட நிகழ்ச்சிகளையும் காட்டிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்கிறார். சிட்டியும் தி. ஜானகிராமனும் இணைந்து எழுதி 1971இல் வெளிவந்த 'நடந்தாய் வாழி காவேரி'யிலோ நண்பர்களின் பயணம் ஒரு நதியின் போக்கோடு இணைந்து செல்கிறது. வழியே அந்நூலின் அமைப்பாகிவிடுகிறது.

பின்வந்தோர் பலர் இவ்வழியைத் தொடரவில்லை. ஆனந்த விகடனில் மணியன் எழுதிய பயணத் தொடர்கள் பெற்ற பெருவரவேற்பு பலரையும் எழுதத் தூண்டியது. அவரிடமிருந்து உணர்ச்சியை எடுத்துக்கொண்ட அவர்கள், வழியை விட்டுவிட்டனர். சங்க மலர்களிலும் ஆலய விழா மலர்களிலும் வரும் 'சீமைப் பயண' அனுபவங்களில் இதனைத் தெளிவாகக் காணலாம். அவற்றில் பயணியை விமான நிலையத்தில் யாரேனும் ஒரு நண்பர் எதிர்கொள்வார். அவர் வீட்டிலே விருந்து. அவர் வண்டியிலே உலா. விருந்தோம்பல் போற்றத்தக்கதே. ஆனால் இலண்டனில் நண்பர் ஒருவரும் இல்லாத வாசகனுக்கு அக்கட்டுரை எதைத் தந்தது?

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தை மகிழுந்தில் சுற்றிப் பார்ப்பதையே சான்றாக எடுத்துக்கொள்ளலாம். மலேசியரைப் போலவே ஆங்கிலேயரும் சாலையின் இடப்புறம் செல்பவர்கள். ஆதலின் ஓட்டுதல் எளிதென்று புறப்படுவோர் பலர். கட்டுரைகளில் காட்ஸ்வோல்ட் குன்றுகளின் தேன்நிறக் கல்வீடுகளும், ஏரி மாவட்டத்தின் நீர்ப்பரப்பும், யார்க்ஷயர்ப் பள்ளத்தாக்குகளின் கல்வேலிகளும் வருணிக்கப்படும். அந்தக் கல்வீட்டினுள் தங்கியவர் அறிந்த உண்மை வேறு. வாசல் குனிந்து புகும் உயரம், மாடிப்படி செங்குத்தானது, குறுகியது, மின்தூக்கி இராது. முப்பது கிலோ எடையுள்ள பெட்டியை அப்படிகளில் ஏற்றி, மறுநாட் காலை இறக்கி, அடுத்த ஊரில் மீண்டும் ஏற்றுபவருக்குக் குன்றின் அழகு கண்ணில் படுமா?

விமானம் அனுமதிக்கும் எடை வேறு, சிறிய வாடகை வண்டியின் பின்பெட்டி கொள்ளும் அளவு வேறு என்பதைக் கட்டுரையாளர் ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். நால்வர் செல்லும் வண்டியில் நான்கு பெரிய பெட்டிகள் அடங்குவது அரிது. பின்னிருக்கையில் பெட்டியை வைத்துவிட்டுக் கோட்டையையும் தேவாலயத்தையும் காணச் செல்வது திருடரை அழைப்பதாகும். அங்கு வாடகைக்குக் கிடைக்கும் வண்டிகளுள் கையால் பல்லிணை மாற்றுபவை மிகுதி. தானியங்கி வேண்டுமாயின் முன்கூட்டியே கேட்டுப் பெறவேண்டும். இறைச்சியும் பால்சார்ந்த பொருள்களும் மலேசியாவிலிருந்து கொண்டுசெல்லத் தடையுண்டு. ஆகவே அன்போடு கட்டிக்கொடுத்த நெய்ப்புட்டி எல்லையிலே நின்றுவிடும். இவற்றுள் ஒன்றையேனும் சொல்லும் கட்டுரை எத்தனை?

தங்குமிடத் திட்டமும் அவ்வாறே. நாளுக்கோர் ஊர் என்று பட்டியலிடுவது, பார்த்த ஊர்களின் எண்ணிக்கையைப் பெருக்கும் ஆசை. இங்கிலாந்து சிறிய நாடுதான். ஆனால் கிராமத்துப் பாதைகள் புதர்வேலிகளுக்கிடையே ஒரு வண்டிக்கு மட்டுமே இடந்தரும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்கும் இடம்வரை பின்னோக்கிச் செல்ல வேண்டும். வரைபடத்தில் ஒரு மணி நேரமாய்த் தெரிவது இரண்டு மணி நேரமாகலாம். இரண்டு மூன்று ஊர்களை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றிலும் மூன்று நான்கு இரவுகள் தங்கி, அங்கிருந்து சுற்றுப்புறங்களுக்குச் சென்று மீள்வதே அறிவுடைமை. ஓரிரவு மட்டும் தங்கும் இடங்களுக்கெனச் சிறு பை ஒன்றைத் தனியே கட்டிக்கொண்டால் பெரிய பெட்டிகள் வண்டியை விட்டு இறங்க வேண்டியதில்லை. பண்ணை வீடுகளிலும் சிறு இல்லங்களிலும் படுக்கையோடு காலை உணவும் தருவர். சமையலறையோடு கூடிய குடில்களைப் பெரும்பாலும் வாரக் கணக்கில் வாடகைக்கு விடுவர். சோற்றை விட்டு இருக்க இயலாதவர்க்குப் பின்னதே பொருந்தும். பள்ளி விடுமுறைக் காலமான ஆகஸ்டில் முன்பதிவின்றிச் செல்வோர் இடமின்றி அலைய நேரும்.

ஆங்கிலேயர் இவற்றை எழுத வெட்கப்படவில்லை. ஜெரோம் கே. ஜெரோம் 1889இல் வெளியிட்ட படகுப் பயண நகைச்சுவை நூலில், மூன்று நண்பர்கள் மூட்டை கட்டும் காட்சி புகழ்பெற்றது. எதை எடுப்பது, எதை விடுப்பது என்ற விவாதத்திலேயே அம்மூவரின் குணமும் வெளிப்பட்டுவிடுகிறது. எச். வி. மார்ட்டன் சிறு மகிழுந்தில் தம் நாட்டைச் சுற்றி 1927இல் வெளியிட்ட நூல் இன்றும் படிக்கப்படுகிறது. மூட்டை முடிச்சு இலக்கியத்திற்கு ஆகாத பொருளன்று என்பதற்கு இவை சான்று.

இங்கே ஒரு தடை எழலாம். இவற்றையெல்லாம் எழுதினால் கட்டுரை வழிகாட்டிக் கையேடாகிவிடாதா என்பர். கையேடு எல்லாருக்கும் பொதுவாய்ப் பேசும். இலக்கியமோ ஒருவர் பட்டதைப் பேசும். படிக்கட்டின் அகலத்தை அளந்து சொல்வது கையேடு. அப்படிக்கட்டில் தாயின் பெட்டியை மகன் தூக்கிச் செல்ல, தாய் பின்னால் கைப்பிடியைப் பற்றி ஏறியதைச் சொல்வது இலக்கியம். மலைபடுகடாம் கையேடாகிவிடவில்லை என்பதே இத்தடைக்குப் போதிய விடை.

இக்குறையை நெகிரி செம்பிலானில், சிரம்பானை அடுத்த செனாவாங்கிலிருந்து நோக்கும்போது அதன் முழுப் பொருள் புலனாகிறது. ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்களாய் இருந்த வட்டாரம் அது. பின்னர்த் தொழிற்பேட்டையும் வீடமைப்புப் பகுதிகளும் அங்கே எழுந்தன. இன்று வடக்கு தெற்கு நெடுஞ்சாலை அதனருகே செல்கிறது. பால்மரக் காட்டில் வாழ்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அந்நெடுஞ்சாலையில் வண்டி ஓட்டிப் பழகி, விடுமுறைக்கு இங்கிலாந்து செல்லவும் திட்டமிடுகின்றனர்.

அவர்களின் முன்னோரும் பயணிகளே. ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் இருந்த முகாம்களில் காத்திருந்து, கப்பலின் மேல்தளத்தில் படுத்து, பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவிலோ அன்றைய போர்ட் சுவெட்டன்ஹாமிலோ நோய்த்தடுப்பு முகாமில் அடைபட்டு, பின்னரே தோட்டத்தை அடைந்தனர். 1926இல் கட்டப்பெற்ற ரஜூலா கப்பலின் பெயர் பழைய குடும்பங்களில் இன்றும் வழங்குகிறது. அப்பயணத்தில் தங்குமிடத்தைத் தேர்ந்தவர் பயணியல்லர். லயத்து வீட்டை நிர்வாகம் ஒதுக்கியது. சுமையோ ஒரு தகரப்பெட்டியும் ஒரு துணி மூட்டையும்.

அவர்களுக்கு வழி கூறியவன் கங்காணி. அவனும் முன்னே சென்று மீண்டவன்தான். ஊருக்குத் திரும்பிவந்து, போகாதவரை அழைத்தவன்தான். ஆற்றுப்படையின் வடிவம் அவனிடம் இருந்தது. வாய்மை எப்போதும் இருந்ததில்லை. கிடைக்கும் வளத்தைச் சொன்ன பலர், வழியிலுள்ள பொறியைச் சொல்லவில்லை. படுக்கும் இடத்தைச் சொல்லவில்லை. இந்திய அரசு 1938இல் உதவிபெறும் தொழிலாளர் குடியேற்றத்தை நிறுத்தும்வரை அக்குறைபட்ட சொல்லை நம்பிக் கப்பலேறியோர் தொகை பெரிது. பயணத்தைப் பற்றிப் பாதி உண்மை பேசுவதன் விலை என்ன என்பதை மலேசியத் தமிழரைவிட நன்கறிந்த வாசகர் உலகில் இலர்.

அம்முன்னோர் பயண நூல் எழுதவில்லை. எழுத்தறிவும் ஓய்வும் அவர்களுக்கு வாய்க்கவில்லை. நாட்டுப்புறப் பாடல்களிலும், முத்தம்மாள் பழனிசாமியின் 'நாடு விட்டு நாடு' போன்ற குடும்ப வரலாற்று நூல்களிலும்தான் அவர்களின் தலைமுறை நினைவுகள் எஞ்சியுள்ளன. தோட்டத் துரையின் பெட்டியைத் தலையில் சுமந்த கைகள் அக்கதையை ஏட்டில் எழுதவில்லை. இன்று அவர்களின் பேரன் அத்துரையின் நாட்டில், துரைமார் பிறந்திருக்கக்கூடிய ஒரு கிராமத்தில், கட்டணம் செலுத்தி அறை எடுத்து, தன் பெட்டியைத் தானே தூக்கி மாடியேறுகிறான். அந்தப் படியேற்றத்தில் ஒரு நூற்றாண்டின் மாற்றம் அடங்கியுள்ளது. அதை விட்டுவிட்டு மாளிகையின் உயரத்தை எழுதுபவர், தம் கையிலிருந்த பெரும்பொருளைத் தவறவிட்டவராவார்.

ஆகவே, பயணக் கட்டுரை எழுதப் புகுவோர் செய்யவேண்டியது ஒன்றே. ஊர் திரும்பியதும், அடுத்துப் புறப்பட இருக்கும் அண்டை வீட்டாரை எதிரில் அமர்த்திக்கொண்டதாக எண்ணி எழுதுக. அவர் முதலில் கேட்பது கோபுரத்தின் உயரத்தையன்று. எங்கே தங்கினீர்கள், எவ்வளவு ஆயிற்று, எதை எடுத்துச் செல்லவேண்டும், எதை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம் என்பவற்றையே கேட்பார். அதற்கு மறைக்காமல் விடை கூறுக. கண்ட அழகை அதன்பின் சொன்னாலும் அவர் நம்புவார்.