படம் ஓடுகிறது, பாடம் ஓடவில்லை

பழைய அனிமேஷன் கோப்புகளைத் திறக்கும் பிளேயர்களைப் புதிய கருவிகளுக்குப் பெயர்த்து எழுதுவது நம் நிரலாளர்கள் பலருக்கு இப்போது பெரிய ஈடுபாடாகிவிட்டது. ஓசூரிலும் சூளகிரியிலும் குடியிருந்துகொண்டு பெங்களூருக்கு வேலைக்குப் போய்வரும் இளைஞர்களில் சிலர் விடுமுறை நாள்களை இதற்கே கொடுக்கிறார்கள். இவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: பிளேயர் ஓடிவிட்டால் கோப்பு பிழைத்துவிட்டது. தமிழ்க் கோப்புகளைப் பொறுத்தவரை இது தவறு என்று நெடுநாளாகச் சொல்லிவருகிறேன்.

அந்த உழைப்பை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஷாக்வேவ் பிளேயரை 2019 ஏப்ரலில் அடோபி கைவிட்டது. 2020 டிசம்பர் 31-உடன் ஃபிளாஷுக்கும் முழுக்குப் போட்டது. 2021 ஜனவரி 12 முதல் அந்த பிளேயர் கோப்புகளை ஓட்டவே மறுத்தது. தன்னார்வலர்கள் ரஸ்ட் மொழியில் எழுதிய ‘ரஃபிள்’ என்ற மாற்று பிளேயர் இல்லையென்றால், இன்டர்நெட் ஆர்க்கைவ் 2020 நவம்பரில் பழைய ஃபிளாஷ் படங்களை உலாவியிலேயே ஓட்டிக் காட்டியிருக்க முடியாது. பழைய பிளேயரின் பேர்போன பாதுகாப்பு ஓட்டைகளும் பெரும்பாலும் அடைபட்டுவிட்டன. இதெல்லாம் காசு வாங்காமல் செய்த வேலை.

ஆனால் எந்தக் கோப்புகளை முன்னால் வைத்து இந்த வெற்றியைக் கொண்டாடுகிறோம்? விளையாட்டுகள், கேலிச் சித்திரங்கள், ஆங்கிலக் குறும்படங்கள். நம் பக்கத்தில் ஃபிளாஷ் வேறொரு வேலைக்கு வந்தது. 2000-களில் அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் கணினிவழிக் கற்றல் மையங்களும் தனியார் பதிப்பகங்களும் ஃபிளாஷில் செய்த பாடக் குறுந்தகடுகளைப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தன. சூளகிரி வட்டாரத்தில் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசிவிட்டு, வகுப்பில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் ஏராளம். எழுத்தும் ஒலியும் படமும் ஒன்றாகத் திரையில் வருவதன் அருமை, மதுரைப் பிள்ளையைவிட இந்தப் பிள்ளைக்கு அதிகம்.

அப்படி ஒரு குறுந்தகட்டின் கோப்பைப் புதிய பிளேயரில் போட்டுப் பார்த்தேன். அணில் மரமேறுகிறது, வால் ஆடுகிறது, குரலும் தெளிவாக ‘அம்மா’ என்கிறது. அதன் கீழே ‘அம்மா’ என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்று ஐந்து ஆங்கிலக் குறிகள் வரிசையாக நிற்கின்றன. பாமினி எழுத்துரு தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். பாமினியில் எம் என்றால் அ, கே என்றால் ம, அரைப்புள்ளி என்றால் மேற்புள்ளி, ஹெச் என்றால் துணைக்கால். கோப்புக்குள் அன்றும் தமிழ் இருந்ததில்லை. ஆங்கிலக் குறிகள்தாம் இருந்தன. கணினியில் நிறுவியிருந்த எழுத்துருதான் அவற்றைத் தமிழாகக் காட்டியது. பெயர்த்தவர்கள் அந்த எழுத்துருவை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள்.

எல்லாக் கோப்பிலும் இப்படி நேராது என்பார்கள். உண்மைதான். எழுத்தின் வடிவத்தையே கோப்புக்குள் பதித்திருந்தால் திரையில் சரியாகத் தெரியும். ஆனால் தெரிவது வெறும் கோடும் வளைவும்தான். உள்ளே இருப்பது அதே ஆங்கிலக் குறிகள். அதில் ஒரு சொல்லைத் தேட முடியாது, படியெடுக்க முடியாது, பார்வையற்ற மாணவருக்குத் திரைவாசிப்பான் அதைப் படித்துக்காட்டவும் முடியாது. தகுதரம் (TSCII), தாப் (TAB) போன்ற பழைய எழுத்துக் குறியீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ‘கொ’ என்பது அவற்றில் கொம்பு, க, கால் என்று கண்ணுக்குத் தெரியும் வரிசையில் பதிவாகும். ஒருங்குறியிலோ (யூனிகோட்) மெய்க்குப் பிறகுதான் உயிர்க்குறி. குறிகளை ஒன்றுக்கு ஒன்று மாற்றினால் மட்டும் போதாது, வரிசையையும் திருப்ப வேண்டும்.

மோசமானது கேள்வி-பதில் பகுதி. பெட்டியில் விடையைத் தட்டச்சு செய்யச் சொல்கிறது நிரல். பிள்ளை இன்றைய கைபேசி விசைப்பலகையில் ‘அம்மா’ என்று சரியாகவே அடிக்கிறது. அது ஒருங்குறி. கோப்பில் உள்ள விடை பாமினி. இரண்டும் ஒத்துப்போகாது. ‘தவறு’ என்கிறது திரை. தமிழைப் புதிதாகக் கற்கும் பிள்ளைக்கு, சரியாக எழுதியதைத் தவறென்று சொல்லும் பாடத்தைக் கொடுத்துவிட்டு, கோப்பைக் காப்பாற்றிவிட்டோம் என்று மார்தட்டுகிறோம்.

பழைய பிளேயர் என்ன செய்ததோ அதை அப்படியே செய்வதுதான் பெயர்ப்பின் நேர்மை, மொழியைத் திருத்துவது பிளேயரின் வேலை அல்ல என்பது பெயர்த்து எழுதுகிறவர்களின் கடைசி வாதம். நான் ஏற்கவில்லை. அந்தக் குறுந்தகட்டைப் போட்டதும் நிறுவி முதலில் செய்த வேலை, விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையில் ஓர் எழுத்துருவைக் கொண்டுபோய்ப் போடுவதுதான். அதுவும் படைப்பின் பகுதி. அதை விட்டுவிட்டு எதை ‘அப்படியே’ காட்டுகிறார்கள்?

இதைச் சரிசெய்வது பெரிய ஆராய்ச்சியும் அல்ல. பாமினி, தகுதரம், தாப் எல்லாவற்றுக்கும் மாற்று அட்டவணைகள் எப்போதோ வந்துவிட்டன. சுரதாவின் பொங்குதமிழையும் என்.ஹெச்.எம். கன்வெர்ட்டரையும் எத்தனை ஆண்டுகளாகப் பயன்படுத்திவருகிறோம். ஒருங்குறியைத் தமிழக அரசு தரமாக அறிவித்ததே 2010-இல். ஃபிளாஷ் கோப்புக்குள் பெரும்பாலும் எழுத்துருவின் பெயரும் இருக்கிறது. பெயரைப் படித்து, அதற்குரிய அட்டவணையை எடுத்து, எழுத்தை மாற்றிக் காட்டு என்று பிளேயருக்குச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். விளையாட்டுக் கோப்பில் ஒரு வெடிச் சத்தம் இம்மி தாமதமாக வந்தால் இரவெல்லாம் கண்விழித்துத் திருத்துகிறவர்கள், இதை ‘பிறகு பார்க்கலாம்’ என்று ஒதுக்குகிறார்கள். இதற்கு அலட்சியம் என்பதைத் தவிர எனக்கு வேறு பெயர் தெரியவில்லை. வெளிநாட்டுத் தன்னார்வலர்களைக் குறைசொல்ல முடியாது. பாமினி என்று ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. தெரிந்தவர்கள் நாம்.

பள்ளி அலமாரிகளில் கிடக்கும் குறுந்தகடுகள் ஒவ்வொன்றாகப் பழுதாகிவருகின்றன. அவற்றைப் படியெடுக்கும் ஆசிரியர்களுக்கும் நிரலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: அனிமேஷன் கோப்பை மட்டும் எடுத்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். தகட்டில் உள்ள எழுத்துருக் கோப்பையும் நிறுவியையும் சேர்த்து எடுத்து வையுங்கள். அவை போய்விட்டால் எந்த பிளேயருக்கும் அந்தத் தமிழைத் திரும்பக் கொண்டுவருவது கடினம்.