ஹோமரின் காவியங்களில் மானமும் துயரமும்

பத்தாண்டு நீண்ட டிராய்ப் போரின் கடைசி ஆண்டில், ஏறத்தாழ ஐம்பது நாட்களுக்குள் நடந்தவற்றையே இலியட் பாடுகிறது. மரக்குதிரை அதில் இல்லை; டிராய் நகரம் வீழ்வதும் இல்லை; நாயகன் அக்கிலீஸ் மாள்வதுகூட இல்லை. காவியத்தின் பொருள் அவனுடைய சினம். அது எதனால் மூண்டது, எத்தனை உயிர்களைக் குடித்தது, எப்படித் தணிந்தது என்பதை 24 காண்டங்கள், 15,000க்கும் மேற்பட்ட அடிகளில் சொல்கிறது. போர் முடிந்து ஊர் திரும்பும் ஒடிசியஸின் கதையான ஒடிசி 12,000 அடிகளைச் சற்றே தாண்டும். இரண்டும் பொ.ஆ.மு. 8ஆம் நூற்றாண்டிலோ அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலோ இன்றைய வடிவம் பெற்றன என்பது அறிஞர் பலரின் கருத்து.

இவற்றின் பின்னால் நெடுங்காலப் பாணர் மரபு ஒன்று இருந்தது. 1930களில் யுகோஸ்லாவியாவின் பாடகர்களிடம் கள ஆய்வு செய்த மில்மன் பேரி, ஹோமரின் அடைமொழிகளும் தொடர்களும் வாய்மொழியாகக் கட்டப்படும் பாட்டுக்கே உரியவை என்று நிறுவினார். அவருடைய மாணவர் ஆல்பர்ட் லார்ட் 1960இல் வெளியிட்ட நூல் அந்த ஆய்வை விரித்தது. அதே முறையைச் சங்கப் பாடல்களில் பொருத்திப் பார்த்த க. கைலாசபதியின் ஆங்கில நூல் 1968இல் வெளியாயிற்று. பாணன் பாடுவது எதற்காக என்ற கேள்விக்குக் காவியமே விடை தருகிறது: மாண்டவன் பெயர் மாளாதிருக்க. வீரனுக்கு மறுமையில் இன்பம் ஏதும் காத்திருக்கவில்லை; பாதாளத்தில் நிழலாக அலைவது மட்டுமே. ஆகவே புகழ் ஒன்றே அவனுக்கு எஞ்சும் உடைமை.

உயிரோடு இருக்கும்போது அவன் பெறும் மதிப்போ கண்ணால் காணக்கூடிய பொருளில் அளக்கப்பட்டது. கொள்ளைப் பொருளைப் படை கூடிப் பங்கிடும். தலைவனுக்கென்று தனியாக ஒதுக்கும் பரிசு அவன் தகுதிக்கு ஊரறிந்த சான்று. அப்பல்லோவின் பூசாரி மகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்த படைத்தலைவன் அகமெம்னான், அதற்கு ஈடாக அக்கிலீஸின் பரிசான பிரைசீஸ் என்ற பெண்ணைப் பறிக்கிறான். இழப்பு ஒரு பெண்ணோடு நிற்கவில்லை. படை முழுவதும் பார்த்திருக்க அக்கிலீஸ் மானம் இழக்கிறான். வாளை உருவப்போன கையை அதீனா தடுக்கிறாள். அதன்பின் அவன் போருக்குப் போக மறுக்கிறான்.

பிரைசீஸுக்கு என்ன நேர்ந்தது என்று யாரும் கேட்பதில்லை என்று தோன்றும். ஆனால் பத்தொன்பதாம் காண்டத்தில் அவள் வாய் திறக்கிறாள். அக்கிலீஸின் தோழன் பட்ரோக்ளஸின் பிணத்தின்மேல் விழுந்து அழும்போது, தன் கணவனும் உடன்பிறந்த மூவரும் ஒரே போரில் மடிந்ததைச் சொல்கிறாள். அன்று தன்னை அழவிடாமல் தேற்றி, அக்கிலீஸுக்கு முறையான மனைவியாக்குவேன் என்று வாக்களித்தவன் அவன்தான் என்கிறாள். சுற்றியிருந்த பெண்களும் அழுகிறார்கள். பட்ரோக்ளஸைச் சாக்காக வைத்து ஒவ்வொருத்தியும் தன் துயரத்துக்கே அழுதாள் என்று கவிஞர் சேர்க்கிறார். பங்குப்பொருளாக எண்ணப்பட்டவளுக்கு இவ்வளவு நினைவும் நன்றியும் கொடுத்த கவிஞர், வீரர்களின் கணக்கை மட்டும் பார்த்துப் பாடியவராக இருக்க முடியாது.

அந்தக் கணக்கு உடைவது ஒன்பதாம் காண்டத்தில். தோல்வி நெருங்கவே அகமெம்னான் இழப்பீடு அறிவிக்கிறான்: ஏழு முக்காலிக் கொப்பரைகள், பத்து தாலந்து பொன், பன்னிரண்டு பந்தயக் குதிரைகள், ஏழு நகரங்கள், தன் மகள், தொடாத பிரைசீஸ். தூது போன ஒடிசியஸ் பட்டியலை ஒன்றுவிடாமல் ஒப்பிக்கிறான். அக்கிலீஸ் தனக்கு அடங்க வேண்டும் என்று அகமெம்னான் முடித்த சொல்லை மட்டும் விழுங்கிவிடுகிறான். அக்கிலீஸ் மறுக்கிறான். முன்னே நின்றவனுக்கும் பின்னே பதுங்கியவனுக்கும் ஒரே சாவு. கால்நடையைக் கவர்ந்து வரலாம், போன உயிரை எதைக் கொடுத்தும் மீட்க முடியாது என்கிறான். விடிந்ததும் கப்பலேறுவேன் என்பது ஒடிசியஸுக்கு அவன் சொன்ன விடை. தன்னைத் தூக்கி வளர்த்த ஃபீனிக்ஸ் அழுது கெஞ்சியபின், போவதா இருப்பதா என்று காலையில் பார்ப்போம் என்கிறான். உடன்வந்த வீரன் அஜாக்ஸ் தோழமையின் பேரால் சுருக்கமாகப் பேசி முடித்ததும், டிராயின் தலைவீரன் ஹெக்டர் என் கப்பல்களை நெருங்கும்வரை போரிடமாட்டேன் என்கிறான். பொன்னுக்கு அசையாதவன் அன்புக்கு அசைகிறான். காவியத்தின் போக்கே இந்த மூன்று விடைகளில் அடங்கியிருக்கிறது.

இந்த மான உணர்வை விளக்க முயன்ற அறிஞருள் இ. ஆர். டாட்ஸ் 1951இல் ஹோமரின் உலகைப் பழிக்கு அஞ்சும் சமூகம் என்று வகைப்படுத்தினார். 1960இல் ஏ. டபிள்யூ. எச். அட்கின்ஸ், அங்கே வெற்றியே அறம், கருணையும் நேர்மையும் அதற்குப் பின்தான் என்று வாதிட்டார். பழிநாணம் மனத்துக்கு வெளியே நிற்கும் வெறும் அச்சம் அன்று, தான் மதிப்பவரின் பார்வையை உள்ளத்தில் ஏற்றுக்கொண்ட நிலை என்று 1993இல் பெர்னார்ட் வில்லியம்ஸ் எழுதினார். நூலோடு பொருந்துவது வில்லியம்ஸின் விளக்கமே.

அதற்குச் சான்று ஹெக்டர். ஆறாம் காண்டத்தில் மனைவி ஆண்ட்ரோமக்கி அவனைக் கோட்டைக்குள் நிற்கச் சொல்கிறாள். அவள் தந்தையையும் ஏழு சகோதரர்களையும் கொன்றவன் அக்கிலீஸ். இனி அவளுக்குத் தாய், தந்தை, சகோதரன், கணவன் எல்லாமே ஹெக்டர்தான். டிராய் ஒருநாள் அழியும், அவள் அடிமையாகி அயல் வீட்டில் தறி நெய்வாள் என்று ஹெக்டருக்குத் தெரியும். ஆனாலும் டிராயின் ஆண், பெண் முகங்களை ஏறிட்டுப் பார்க்க நாணி அவன் களம் போகிறான். தலைக்கவசத்தின் குதிரைமயிர்க் குஞ்சத்தைக் கண்டு குழந்தை வீரிட, பெற்றோர் இருவரும் சிரிக்கிறார்கள். ஹெக்டர் கவசத்தைக் கழற்றித் தரையில் வைத்துவிட்டுப் பிள்ளையை முத்தமிடுகிறான். அந்த நாணமே இருபத்திரண்டாம் காண்டத்தில் அவனைக் கொல்கிறது. படையைப் பின்வாங்கச் சொன்ன அறிவுரையைத் தள்ளியதால் பலர் மாண்டனர். அந்தப் பழியைக் கேட்க அஞ்சி அவன் கோட்டைக்குள் நுழையாமல் நிற்கிறான். அக்கிலீஸ் நெருங்கியதும் நடுங்கி ஓடுகிறான். நகரை மும்முறை சுற்றியபின்பே எதிர்த்து நிற்கிறான். நாயகன் அஞ்சி ஓடியதை மறைக்காமல் சொல்லும் துணிவு வீரப்பாட்டில் அரிது.

ஹெக்டரின் கையில் பட்ரோக்ளஸைப் பறிகொடுத்த அக்கிலீஸுக்கு அவனைக் கொன்றும் ஆறவில்லை. பிணத்தைத் தேரில் கட்டி நாள்தோறும் இழுக்கிறான். வியட்நாம் போர் வீரர்களுக்கு மருத்துவம் பார்த்த மனநல மருத்துவர் ஜானதன் ஷே, 1994இல் எழுதிய நூலில் இந்த நிலையைத் தம் நோயாளிகளிடம் கண்டதோடு ஒப்பிட்டார்: தலைமை செய்த துரோகம், தோழனின் சாவு, பின் கட்டற்ற வெறி. இருபத்துநான்காம் காண்டத்தில் ஹெக்டரின் தந்தையான கிழவன் பிரயாம் இரவில் வந்து, மகனைக் கொன்ற கைகளை முத்தமிட்டு, உன் தந்தையை நினைத்துப்பார் என்று கெஞ்சுகிறான். இருவரும் அழுகிறார்கள்: ஒருவன் ஹெக்டருக்காக, மற்றவன் தந்தைக்காகவும் தோழனுக்காகவும். கவிஞர் இதை இனிய சமரசமாக்கவில்லை. பிணத்தைப் பிரயாமின் கண்ணில் படாமல் கழுவும்படி அக்கிலீஸ் பணிப்பெண்களுக்குச் சொல்கிறான். மகனைப் பார்த்துக் கிழவன் கொதித்தால், தானும் சினந்து அவனைக் கொன்றுவிடக்கூடும் என்று தன்னையே அஞ்சுகிறான். பின் தன் கையாலேயே உடலைத் தூக்கிப் பாடையில் கிடத்துகிறான். இருவரும் உண்கிறார்கள். ஈமச்சடங்குக்காகப் போர் பதினொரு நாள் நிற்கும். பன்னிரண்டாம் நாள் மீண்டும் தொடங்கும். இலியட்டின் உண்மை நாயகன் மனிதரைப் பொருளாக்கும் வலிமைதான் என்று 1940இல் சிமோன் வெய்ல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. அந்த வலிமை ஓரிரவு விலகி நிற்கும் இடம் இது.

ஒடிசியில் அளவுகோல் மாறுகிறது. பாதாளத்தில் ஒடிசியஸைக் காணும் அக்கிலீஸ், இறந்தோர்க்கெல்லாம் அரசனாவதைவிட ஏழை உழவனிடம் கூலியாளாய் வாழ்வது மேல் என்கிறான். ஆயினும் தன் மகன் போரில் சிறந்தான் என்று கேட்டதும் மகிழ்ந்து நடந்து போகிறான். புகழாசை அவனை முழுதும் விட்டுவிடவில்லை. இங்கே போற்றப்படுவது பொறுமையும் சூழ்ச்சியும். அடைக்கலம் தந்த ஃபயாக்கியரின் அவையில் டிராய் வீழ்ந்த கதையைப் பாணன் பாடக் கேட்டு ஒடிசியஸ் அழுகிறான். கணவன் சாய்ந்து கிடக்க, பகைவர் ஈட்டியால் இடித்து அடிமையாக இழுத்துச் செல்லும் பெண்ணைப் போல அழுதான் என்கிறது உவமை. டிராயை அழித்தவனின் கண்ணீர் டிராய்ப் பெண்ணின் கண்ணீராகிறது. அவன் மனைவி பெனலோப்பியை மணக்க வந்து வீட்டைச் சூறையாடியவர்கள் நூற்றெட்டுப் பேர். அவர்களைக் கொன்றபின், ஆரவாரிக்க வாயெடுத்த செவிலி யூரிகிளியாவை, செத்தவர்மேல் களிப்பது பாவம் என்று ஒடிசியஸ் தடுக்கிறான். அதே நாளில் பன்னிரண்டு பணிப்பெண்கள் தூக்கிலிடப்படுகிறார்கள் என்பதும் காவியத்தில் இருக்கிறது. இன்றைய வாசகர் அதைக் கடந்துபோக முடியாது.

இந்த மரபை அலெக்சாந்திரிய நூலகத்தில் பணியாற்றிய அப்பலோனியஸ் பொ.ஆ.மு. 3ஆம் நூற்றாண்டில் ஆர்கோனாட்டிகாவில் புதுக்கினார். அவருடைய நாயகன் யாசோன் அடிக்கடி வழி தெரியாது திகைப்பவன். பொன் ஆட்டுத்தோலை அவன் பெறுவது அயல்நாட்டு அரசன் மகள் மெதீயாவின் மருந்தாலும் மந்திரத்தாலும்தான். நான்கு காண்டங்களில் மிகச் சிறந்தது அவள் காதலைச் சொல்லும் மூன்றாவது. தந்தைக்கு அடங்குவதா, அயலானைக் காப்பதா என்று உறக்கமின்றித் தவிப்பவள், நஞ்சுப் பேழையை மடியில் வைத்து அழுது, பின் வாழ்வின் இனிமைகளை எண்ணி அதை விலக்குகிறாள். போர்க்களத்தில் வீரன் தன் நெஞ்சோடு பேசிய பேச்சு இங்கே ஓர் இளம்பெண்ணின் அறைக்குள் வருகிறது. வர்ஜில் பின்னர் இலத்தீனில் படைத்த டிடோவுக்கு இந்த மெதீயாவே முன்மாதிரி.